ஒன்றரை மணி நேரம்

உக்காரு தாயி, உக்காரு. அது என் துண்டுதான், எடுத்துக்கிறேன். இடம் பிடிச்சு வச்சதில்ல, வேர்வை தொடச்சுட்டு அப்படியே போட்டுட்டேன். சிங்கப்பூர் ப்ளைட்டுக்குத்தானே? வீட்டுக்காரர் வர்றாரா? ரெண்டு வருசம் கழிச்சா? சந்தோசம். நானும் அதே ப்ளைட்டுக்குத்தான் உக்காந்திருக்கேன். நல்லா சாஞ்சு உக்காரு. அது இப்ப வராது. லேட்டு.

போர்டுல கரெக்ட் டைம்னு போட்டிருக்கா? பார்த்தேன், பார்த்தேன். போர்டுல எழுதுறவனுக்கு என்ன தாயி, எழுதிட்டுப் போயிருவான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல முப்பது வருசம் நான் டைம் கீப்பர். எனக்குத் தெரியாத போர்டா? வண்டி இலுப்பூர் ரோட்டுல டயர் பஞ்சராகிக் கிடக்கும், இங்க உள்ள உக்காந்திருக்கவன் மைக்குல "வந்துக்கிட்டே இருக்கு, பயணிகள் பொறுத்துக்கொள்ளவும்"பான். எல்லாம் ஒரே சாதிதான்.

லேட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்ங்கிறியா? என் தங்கச்சி மக சுகந்தி போன் பண்ணுச்சு. "பெரிய மாமா, சின்ன மாமா ப்ளைட்டுல ஏறி உக்காந்துட்டாராம், கதவைச் சாத்துறாங்களாம், போனை அமத்தப் போறேன்னாரு"ன்னுச்சு. பன்னெண்டு மணி சோத்துல கை வச்சிருந்தேன். அப்படியே எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டுப் பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன். ஒன்றரை மணி நேரத்துல இங்க வந்து எறங்கியிருக்கணும்ல? மூணு காபி குடிச்சாச்சு. அந்தா நிக்கிறாரு பாரு துப்பாக்கிக்காரரு, அவரே ஒரு தடவ வந்து யாருக்காக இருக்கீகன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. ப்ளைட்டைக் காணோம்.

ஒன்றரைதான் தாயி. நீ சிரிக்காத. டிக்கெட்டை என் கண்ணால பார்த்தவன் நான். தம்பி முந்தி ஒரு தடவ லீவுக்கு வந்தப்ப டிக்கெட்டு என் கையிலதான் இருந்துச்சு. சிங்கப்பூர்ல கெளம்புறது நாலரை. திருச்சிக்கு வந்து சேர்றது ஆறு. கழிச்சுப் பாரு. வண்டி எப்ப எடுத்தான், எப்ப சேர்ந்தான், கழி. இதைத்தானே முப்பது வருசம் பண்ணினேன். ஒரு நிமிசம் முந்தி எடுத்துட்டான்னு ரெண்டு டிரைவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நான் சொல்றதுதான் அங்க தீர்ப்பு. அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு ப்ளைட்டுக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

தூரத்தைச் சொல்றியா. போனுல கேட்டாச்சு, மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மிங்குது. இருக்கட்டுமே. ஆகாசத்துல ரயில்வே கேட்டா இருக்கு? ஸ்பீடு பிரேக்கர் இருக்கா? ஒண்ணு தெரியுமா, போற டிக்கெட்டுல ஆறரை மணி நேரம் காட்டுது. போறதுக்கு ஆறரை, வர்றதுக்கு ஒன்றரை. ஏன்னு நானும் யோசிச்சேன். உழுதுட்டு வீட்டுக்குத் திரும்புற மாட்டைப் பார்த்திருப்பே. அதட்டவே வேண்டாம், அதுபாட்டுக்கு ஓடும். அந்த மாதிரிதான்னு வச்சுக்க. காத்து ஒரு பக்கமாத் தள்ளுது போல.

நீயும் அதையேதான் சொல்றே. அங்க மணி ரெண்டரை மணி நேரம் முந்தி ஓடுது, அதைச் சேர்த்தா நாலுன்னு. சுகந்தியும் இதைத்தான் சொல்லுச்சு. எங்க ஊரு வாத்தியாரும் சொன்னாரு. ஊருக்கு ஒரு மணி வச்சா வண்டி ஓடுமா தாயி? புதுக்கோட்டைக்கு ஒரு மணி, அறந்தாங்கிக்கு ஒரு மணின்னு வச்சா எவன் எந்த வண்டியைப் பிடிப்பான்? சரி, அவன் ஊர்ல மணி எப்படியோ ஓடட்டும். ப்ளைட்டு ஆகாசத்துலல்ல வருது, அதுக்கு என்ன மணி?

கோவிச்சுக்காத. சத்தம் போட்டுட்டேன். எனக்கு இந்த ஒரு பேச்சை எடுத்தாலே சத்தம் வந்துருது. என் வீட்டுக்காரியும் சொல்லும், "எதைப் பேசினாலும் பேசுங்க, அந்த ஒன்றரையை மட்டும் பேசாதீக"ன்னு.

வர்றது என் தம்பி. அடைக்கலம்னு பேரு. எங்க வீட்டுல நான் மூத்தவன், வெள்ளைச்சாமி. நடுவுல பொன்னழகுன்னு தங்கச்சி. இவன் கடைக்குட்டி. நாளன்னைக்கு எங்க ஆத்தாவுக்கு வருசத் திதி, அதுக்குத்தான் வர்றான். என்கூடப் பேசி ஒரு வருசம் ஆகப் போகுது. போன் பண்ணினா தங்கச்சிக்கிட்டப் பேசுவான், சுகந்திக்கிட்டப் பேசுவான், எம் பேரை எடுக்கமாட்டான். தங்கச்சிதான் என்னைய அனுப்புச்சு. "அண்ணே, நீ போயி அவனைக் கூட்டிக்கிட்டு வா, ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்து எறங்குங்க, அது போதும் எனக்கு"ன்னு அழுகுது. என்ன பண்றது. வந்து உக்காந்திருக்கேன்.

என்ன சண்டையா? சண்டையே இல்ல தாயி. ஒரு வார்த்தை சத்தமாப் பேசினதில்ல ரெண்டு பேரும். அதான் எனக்கே வெளங்கலை.

எங்க ஊரு மாத்தூர் தாண்டி உள்ள. எங்க வீட்டுக்கு மேலதான் ப்ளைட்டு எறங்கும். சக்கரத்தை நீட்டிக்கிட்டு வர்றது வாசல்ல நின்னாலே தெரியும், பாத்திரமெல்லாம் அதிரும். ஆத்தாவுக்குக் கடைசி நாலஞ்சு வருசம் கண்ணு சுத்தமாத் தெரியலை. காதுதான். சாயங்கால ப்ளைட்டு வர்ற சத்தம் கேட்டா போதும், கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துரும். "அடைக்கலம் வர்றான்டா, கதவத் தெற"ங்கும். தினமும். நான் ஆரம்பத்துல சொல்லிப் பார்த்தேன். "ஆத்தா, அது மலேசியா ப்ளைட்டு. அவன் வந்தா சொல்லிட்டு வருவான்"னு. அது கேக்குற ஆளா?

நான் பார்த்துக்கிட்டேன் ஆத்தாவை. அதைச் சொல்லிக் காட்டுறேன்னு நெனைக்காத. எம் பொண்டாட்டி கழுவி விட்டுச்சு, நான் தூக்கி உக்கார வச்சேன், குளிப்பாட்டினேன், சோறு ஊட்டினேன். ஊட்டினா வாயைத் தெறக்காது. பல்லைக் கடிச்சுக்கிட்டு மொகத்தைத் திருப்பிக்கும். அப்ப ஒருநாள் முதுகுல கைகொடுத்துத் தூக்குறேன், "அடைக்கலமா?"ன்னுச்சு. நான் வெளையாட்டுக்கு "ம்"முன்னேன்.

அந்த ஒரு "ம்"முதான் தாயி. என் மொகத்தைத் தடவுச்சு. காதைத் தடவுச்சு. "மெலிஞ்சு போயிட்டியேடா"ன்னுச்சு. எனக்கு இந்த வயிறு, பாரு, என்னைய மெலிஞ்சுட்டேங்குது! அன்னைக்கு ஒரு கும்பா சோறு தின்னுச்சு. ரசஞ்சோறு. அப்புறம் அப்படியே பழகிப்போச்சு. வெள்ளைச்சாமியாப் போனா சோறு எறங்காது, அடைக்கலமாப் போனா எறங்கும். எனக்கென்ன, சோறு எறங்கினாச் சரி. எனக்கு அதுல ஒரு வருத்தமும் கெடையாது.

ஒருநாள் என்கிட்டயே கேக்குது, "உங்க அண்ணன் எங்கடா, ஆளையே காணோம்?"னு. "இங்கதான் எங்கயாச்சும் இருப்பான்"னேன். "இருப்பான், இருப்பான். அவனுக்கு நேரந்தான் முக்கியம்"னுச்சு. பெருமையாத்தான் சொல்லியிருக்கும். அப்படித்தான் நான் எடுத்துக்கிட்டேன். டைம் கீப்பர்ல்ல.

உங்க பக்கம் எப்படின்னு தெரியாது. எங்க பக்கம் அப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்கணும், ஆத்தாளுக்குக் கடைசி மகன் வைக்கணும். அதான் முறை. எங்க அப்பாவுக்கு நான் வச்சேன். ஆத்தாவுக்கு அடைக்கலம். அது பொறந்த அன்னைக்கே எழுதினது, அதை யாரும் மாத்தப்போறதில்ல. யாரு தூக்கினா, யாரு ஊட்டினாங்கிறதெல்லாம் அதுல வராது. வராதுல்ல? வரக் கூடாது. எனக்கு அதுல ஒரு வருத்தமும் கெடையாது, அதைத்தான் எல்லார்க்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

ஆத்தா போனது ஒரு ஞாயித்துக்கெழமை விடியக்காலம். அடைக்கலத்துக்குப் போன் போட்டோம். அவன் போனுலயே கத்தினான், "எடுத்துராதீங்க, நான் வந்துர்றேன், எடுத்துராதீங்க"ன்னு. சரிடான்னுட்டேன். ஐஸ் பெட்டி வந்துச்சு, ஆத்தாவை அதுல வச்சாச்சு. மத்தியானம் பன்னெண்டு மணிவாக்குல திரும்பப் போன் வருது. "ஏறி உக்காந்துட்டேண்ணே. கெளம்பப் போகுது"ன்னான். நான் வாசல்ல வந்து எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டேன். "தம்பி கெளம்பிட்டான். ஒன்றரைக்குத் திருச்சி. வெளிய வந்து கார் பிடிச்சா ரெண்டரைக்கு இங்க. ரெண்டரைக்கு மேல எடுக்குறோம்." நான் ஒரு நேரம் சொன்னா ஊர்ல மறுபேச்சு கெடையாது. முகூர்த்தத்துக்கே என்னையக் கேட்டுத்தான் பஸ்ஸுக்குக் கெளம்புவாக.

ரெண்டரை ஆச்சு. வரலை. தெருமுனையில போயி நின்னேன். மூணு ஆச்சு. போன் போட்டா, அமத்தி வச்சிருக்குங்குது. எறங்கினவன் போனைப் போடமாட்டானா தாயி? எறங்கினதும் மொத வேலை அதுதானே? சுகந்தி வந்து என் கையைப் பிடிச்சுச்சு. "மாமா, நாலு மணி நேரம் ஆகும் மாமா, இப்ப நடுக்கடல்ல வந்துக்கிட்டிருப்பாரு"ன்னு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். "நீ பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து நேரம் பாக்குறவன்டி நான்"னேன். அது அழுதுக்கிட்டே உள்ள போயிருச்சு.

ஞாயித்துக்கெழமை நாலரைக்கு ராகு காலம். அது முடியுறப்ப ஆறு. அப்புறம் இருட்டிரும், இருட்டினா எங்க பக்கம் எடுக்கிறதில்ல. வெளியூர்க்காரவுக பஸ்ஸுக்குப் போகணும். கொட்டுக்காரவுக வேற எடத்துக்குப் போகணும். எங்க தாய்மாமன் தொண்ணூறு வயசுக் கெழவர், ஆத்தாவுக்குப் பொறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. "வெள்ளைச்சாமி, இன்னுங்கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே, பெட்டிதான் இருக்கே, நாளைக்குக் கூட எடுக்கலாம்"னாரு. நான் சொன்னேன், "மாமா, அவன் ஏறலை. ஏறிட்டேன்னு சொல்றான். மனுசன் பொய் சொல்லலாம், நேரம் சொல்லாது"ன்னு. அவரு சேலையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு.

கொள்ளிக்கு யாருன்னு கேள்வி வந்துச்சு. எல்லாரும் என்னையப் பார்த்தாக. நான் என்ன பண்ணட்டும், சொல்லு. ஆள் இல்லையே. வேட்டி, துண்டெல்லாம் காலையிலயே எடுத்து வச்சிருந்தேன். அடைக்கலத்துக்குன்னு வாங்கினதுதான். அவன் என்னைவிட ஒசரம், கட்டிப் பார்த்தா என் அளவுக்குச் சரியா இருந்துச்சு. அந்தக் கடைக்காரன் எடுத்துக் கொடுத்தது அப்படி.

மொட்டை போட்டாக. மீசையை எடுத்தாக. கொடத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டுச் சுத்தி வர்றேன், பின்னால கொடத்துல கொத்துறாக, தண்ணி முதுகுல வழியுது. அப்ப மேல ஒரு ப்ளைட்டு போச்சு. நல்லாத் தாழ. சக்கரத்தை நீட்டிக்கிட்டு. எல்லாரும் அண்ணாந்து பார்த்தாக. கொத்துற ஆளும் அரிவாளை அப்படியே பிடிச்சுக்கிட்டு மேல பார்க்குறாரு. நான் பார்க்கலை. கொடத்தைத் தூக்கிக்கிட்டு மேல பார்க்கக் கூடாது. அப்படி ஒரு முறை இருக்கான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா நான் பார்க்கலை.

வச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துறணும். வந்தேன். கொளத்துல எறங்கி முழுகினேன். முழுகி எந்திரிச்சுக் கண்ணைத் தொடச்சா, கரையில நிக்கிறான் அடைக்கலம்.

பேண்ட்டு, சட்டை, சப்பாத்து. கையில ஒரு சின்னப் பெட்டி. என் தலையைப் பார்த்தான். அந்தாண்டைப் பொகையைப் பார்த்தான். கத்துவான், மண்ணை வாரித் தூத்துவான்னு எல்லாரும் பயந்துக்கிட்டு நிக்கிறாக. ஒண்ணுமே பண்ணலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "ஆத்தா என்னையக் கேட்டுச்சாண்ணே?"

நான் இல்லைன்னேன். "ஒண்ணும் கேக்கலைடா, தூக்கத்துலயே போயிருச்சு"ன்னேன். நல்லதுக்குத்தான் தாயி! தினம் தினம் உன்னையத்தான் கேட்டுச்சுன்னு சொன்னா அவன் அந்தக் கரையிலயே விழுந்து பெரண்டிருப்பான். பாவம், அவ்வளவு தூரம் வந்தவன். அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். வேற எதுக்கு?

அவன் பெட்டி மேலயே உக்காந்துட்டான். மறுநாள் சாம்பல் அள்ளுற வரைக்கும் இருந்தான். கருமாதிக்கு இருக்கலை, போயிட்டான். அவ்வளவுதான் நடந்தது. இதுல நான் செஞ்ச தப்பு என்ன, நீயே சொல்லு. ஏறினவன் நேரத்துக்கு வந்திருந்தா அவன் கையில கொள்ளியைக் கொடுத்துட்டு ஒதுங்கி நின்னிருப்பேன்.

என்ன தாயி, போர்டை மாத்திட்டானா? இன்னும் கரெக்ட் டைம்னுதான் இருக்கா? சரி சரி. இரு, காபி சொல்லவா? வேண்டாமா?

உன்கிட்டச் சொல்றதுக்கென்ன. நீ யாரோ, நான் யாரோ. ஆத்தா போகலை.

கருமாதி முடிஞ்சு எல்லாரும் போயாச்சு. சாயங்காலம் திண்டுல சாஞ்சு உக்காந்திருக்கேன், ப்ளைட்டு வருது. பாத்திரம் அதிருது. உள்ள ஆத்தாவோட கயித்துக் கட்டில்ல கயிறு நெரியுற சத்தம். அது எந்திரிச்சு உக்காரும்போது நெரியுமே, அதே நெரிச்சல். "அடைக்கலமா?" அதே கொரல், தொண்டையில சளி கட்டின கொரல். எம் பொண்டாட்டி பக்கத்துலதான் உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டிருக்கு. அதுக்குக் கேக்கலை. நான் வாயைத் தெறக்கலை. திரும்ப, "அடைக்கலமா?" திரும்ப. நான் "ம்"முங்குற வரைக்கும் விடலை. "ம்"முன்னேன். பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தவ என்னைய நிமிந்து பார்த்தா.

தினமும் தாயி. கட்டிலைத் தூக்கிக் கொட்டாயில போட்டேன். கொட்டாயில சத்தம் இல்ல, வீட்டுக்குள்ள பழைய எடத்துலயே கேக்குது. கட்டிலை ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். கட்டிலே இல்லாத எடத்துல கயிறு நெரியுது. சாம்பிராணி போட்டாச்சு, கோயில் தண்ணி தெளிச்சாச்சு.

ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கிட்டு உள்ள போயி நின்னு சொன்னேன். "ஆத்தா, அடைக்கலம் இல்ல, நான் வெள்ளைச்சாமி"ன்னேன். சத்தம் நின்னுபோச்சு. மறுநாள் ப்ளைட்டு வந்துச்சு, சத்தம் இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. அப்பாடான்னுதானே இருக்கணும்? எனக்குச் சோறு எறங்கலை தாயி. ப்ளைட்டு போனப்புறம் வீடு அப்படி ஒரு அமைதி. மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் படுத்திருக்குன்னு எனக்குத் தெரியுது. நாலாம் நாள் நானே போயி அந்த எடத்துல உக்காந்தேன். ப்ளைட்டு சத்தம் வந்ததும், "ஆத்தா, அடைக்கலம் வந்திருக்கேன்"னேன். கயிறு நெரிஞ்சுச்சு.

சிரிக்கிறியா, பயப்படுறியா? பயப்படாத. அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. சாப்பிட்டியான்னு கேக்கும். வெயில்ல அலையாதங்கும். ஆனா இப்பக் கொஞ்ச நாளா வேற ஒண்ணு கேக்குது. "எனக்குக் கொள்ளி வச்சது யாருடா?"ங்குது. "நாந்தான் ஆத்தா"ன்னேன். அது பொய்யா? நாந்தானே வச்சேன். ஆனா அது நம்பலை. மறுநாளும் அதே கேள்வி. அதுக்கு மறுநாளும். முந்தியெல்லாம் ஒரு "ம்"முல அடங்கினது இப்ப அடங்க மாட்டேங்குது.

என் வீட்டுக்காரிக்கு எல்லாம் தெரியும். நான் தனியாப் பேசுறதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு. அதுதான் சொல்லுச்சு. "உங்க தம்பி வந்து அந்த எடத்துல நின்னு, நான் வந்துட்டேன் ஆத்தான்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் அது போகும். அவர் அப்படி நிக்கணும்னா, அது அவரைக் கேட்டுச்சுங்கிறதை நீங்க மொதல்ல அவர்கிட்டச் சொல்லணும்." சரியாத்தான் சொல்லுது. இல்லைன்னு சொன்னது நாந்தானே. அதனால இன்னைக்குச் சொல்லிர்றதுன்னு வந்திருக்கேன். அவன் வெளிய வந்ததும் மொத வார்த்தை அதுதான். "டேய், ஆத்தா உன்னையத்தான்டா கேட்டுச்சு. கடைசி வரைக்கும் உன்னையத்தான் கேட்டுச்சு." பஸ்ஸுல வர்றப்ப நாலஞ்சு தடவ சொல்லிப் பார்த்துக்கிட்டேன். கார்ல ஏறுறதுக்கு முன்னாடி சொல்லிரணும். வீட்டுக்குப் போயிட்டா என் வாயில வராது. என்னைய எனக்குத் தெரியும்.

இந்தா, கேக்குதா? ப்ளைட்டு. எறங்குது. பாரு, கண்ணாடியெல்லாம் அதிருது. அதான், அதேதான், எல்லாரும் எந்திரிக்கிறாக பாரு.

மணி என்ன? உன் போனுல பாரு தாயி, என் வாட்ச்சு சரியில்ல போல. நாலா? நாலுக்கு மேலயா? சுகந்தி போன் பண்ணினப்ப பன்னெண்டு. பன்னெண்டுல இருந்து நாலு. கழிச்சா...

லேட்டு. இன்னைக்கு லேட்டு.

நேத்து எப்ப வந்துச்சு, உனக்குத் தெரியுமா? உன் வீட்டுக்காரர் சொன்னாரா? தினம் இதே நேரத்துக்குத்தானா? தினமுமா? தினமுமா லேட்டு வரும்?

அப்ப அன்னைக்கு... நான் கொடத்தைத் தூக்கிக்கிட்டுச் சுத்துறப்ப மேல போச்சே. அதுலயா இருந்தான்? சன்னல் சீட்டுல உக்காந்திருந்தா கீழ தெரியுமா தாயி? ஆளுக தெரியுமா? அடையாளம் தெரியுமா? நீ போயிருக்கியா ப்ளைட்டுல? போனதில்லையா. சரி. சரி, விடு.

அப்படியும் சொல்ல முடியாது. அன்னைக்கும் லேட்டா வந்திருக்கும். ப்ளைட்டு லேட்டானதுக்கு நான் என்ன பண்றது? நான் பார்த்த டிக்கெட்டுல ஒன்றரைதான். கழிச்சுப் பார்த்தா ஒன்றரைதான் வந்துச்சு. எத்தனை தடவ கழிச்சாலும் அதான் வரும்.

உனக்கு ஒண்ணும் கேக்கலையே? இல்ல, சும்மா கேட்டேன். இங்க கயிறு கெடையாது, கட்டில் கெடையாது. இங்க ஏன் கேக்கணும்? ஒண்ணுமில்ல தாயி. நீ உன் ஆளைப் பாரு. எறங்கி அரை மணிக்கு மேல ஆச்சுல்ல, எல்லாரும் வர ஆரம்பிச்சுட்டாக.

எம்புட்டுப் பெட்டி. எல்லாருக்கும் சிரிச்ச மொகம். அந்தா, அந்த நீலச் சட்டை... இல்ல, அது இல்ல. அந்தா. அந்தா வர்றான். அடைக்கலந்தான். எப்ப இவனுக்குத் தலை நரைச்சுச்சு? நடையைப் பாரு, ஆத்தா நடை, ஒரு பக்கமாச் சாஞ்சு. என்னையப் பார்த்துட்டான். நிக்கிறான். போயிருவானோ? நீ போயிராத தாயி, கொஞ்சம் பக்கத்துல இரு. உன் வீட்டுக்காரர் வந்ததும் போயிக்கலாம். வர்றான். இங்கதான் வர்றான். மொத வார்த்தை. டேய், ஆத்தா உன்னையத்தான்... மொத வார்த்தை.

வாடா. வா. பெட்டியைக் குடு. குடுடா, நான் தூக்குறேன்.

என்ன? என்ன கேட்டே? ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டிருக்கேனாவா?

இல்லடா. காத்திருக்கவெல்லாம் இல்ல. இப்பத்தான் வந்தேன். இந்தா, இந்தத் தங்கச்சியைக் கேளு. இப்பத்தான் வந்து உக்காந்தேன். சொல்லு தாயி. இப்பத்தானே வந்தேன்? தம்பி கேக்குறான்ல, சொல்லு தாயி.